மேனேஜருக்கு ஒரு மணல் பெட்டி

இனிமேல் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று தீர்மானம் போட்டேன். எங்கள் வீட்டில் நான் போட்டு நிறைவேறாத தீர்மானங்கள் ஏராளம். இதையாவது விடக்கூடாது என்றிருந்தேன்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஊரையே ஏற்றி இறக்குகிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில். எட்டு மாதமாக விடிந்தும் விடியாமலும் அத்தனை படியும் இறங்குகிறேன், மேனேஜருக்காக.

மேனேஜர் எங்கள் நாய். என் மைத்துனன் கொடுத்தானென்று மனைவி கொண்டுவந்தாள். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை நான் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்த சமயம் அது. நாய் ஒரு காலைத் தூக்குவதற்குள் ஏழு விளக்குக் கம்பங்களைப் பரிசீலிக்கும் என்பதால் மேனேஜர் என்று பெயர்.

"பால்கனியில ஒரு மணல் பெட்டி வைக்கப்போறேன். மேனேஜர் இனிமே அதுலதான் போகும்" என்றேன்.

"யாரு கழுவுறது?"

"நான்தான்."

"சரிங்க."

பத்தொன்பது வருஷத்தில் அவள் இப்படி உடனே சரியென்றது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பழகிய வாசனை வேண்டுமே என்று, ஏழாவது கம்பத்தடி மண்ணையே ஒரு பை அள்ளினேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன சார், செடி வைக்கிறீங்களா?"

"ஆமா சார்."

"என்ன செடி?"

"வந்ததும் தெரியும் சார்."

மண்ணைப் பெட்டியில் கொட்டி மேனேஜரை அதில் இறக்கினேன். ஒன்றும் வரவில்லை. கெஞ்சினேன். அதட்டினேன். கடைசியில் நானே பெட்டிக்குள் ஏறி ஒரு காலைத் தூக்கிக் காட்டினேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தது. என் கால்சட்டையைக் கவ்வி வாசலுக்கு இழுத்தது. பழையபடி நாலு மாடியும் இறங்கினேன். பதினேழு நாள் இதே கதை. மாலையில் வந்து பார்த்தால் பெட்டி பளிச்சென்று இருக்கும். யாரும் போகாத பெட்டி வேறெப்படி இருக்கும்? எனக்கு அலுத்துவிட்டது.

பதினெட்டாம் நாள் வேலை சீக்கிரம் முடிந்து மத்தியானமே வந்தேன். பால்கனியில் மேனேஜர் தானாகப் பெட்டிக்குள் ஏறியது, காரியத்தை முடித்தது, இறங்கியது. என் மனைவி அதற்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மூணாம் நாள்லேர்ந்து. புத்திசாலிங்க அது."

"அப்ப காலையில மட்டும் ஏன் என் உயிரை வாங்குது?"

"பெட்டியில போனா ஒரு பிஸ்கட். உங்களை வாசலுக்கு இழுத்துட்டுப் போனா ரெண்டு. அதுக்குக் கணக்கு தெரியாதா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு. நான் சொன்னா நடந்தீங்களா? சீட்டையே தொலைச்சீங்க. எனக்குப் பயமா இருக்காதா?" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிஸ்கட் டப்பாவை மூடினாள். அவள் உடனே சரியாகிவிட்டாள். "இத்தனை நாளா பெட்டியை நான்தான் கழுவினேன். நாளையிலேர்ந்து நீங்க. நீங்கதானே சொன்னீங்க?"

மறுநாள் ஐந்து மணிக்கு நடந்துவிட்டு வந்து பெட்டியைக் கழுவினேன். மேனேஜர் என் கட்டிலில் படுத்து, ரெண்டாவது பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.