செஞ்சியில் ஹெலிகாப்டருக்குச் சேதமில்லை

ஆகாய விமானம் கண்டுபிடிக்கப்பட்ட நாள்முதல், மேலே போனவையெல்லாம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் எக்குத்தப்பாகக் கீழே வந்துதான் இருக்கின்றன. வல்லரசுகள் சந்திரனுக்கு ஆள் அனுப்பப் பார்க்கின்றன. தாராளமாக அனுப்பட்டும். ஆனால் ஓட்டிக் காட்டிய ஹெலிகாப்டரை ஒரு கீறல்கூட விழாமல் திருப்பி அலமாரியில் வைத்த பெருமை, 1968-ஆம் வருஷம், எங்கள் செஞ்சி டவுன் பஞ்சாயத்துக்கே உரியது. நான் அங்கே தலைமை கிளார்க்கு. 'சேதத் தடுப்புக் குழு'வின் செயலாளரும் நானே. ஆகையால் இதைச் சொல்ல என்னைவிட யோக்கியதை உள்ளவர் யாரும் இல்லை.

ஹெலிகாப்டர், தலைவர் கோவிந்தராஜின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து பஞ்சாயத்துக்கு 'அன்பளிப்பு' செய்தது. சிவப்பு நிறம், முழ நீளம். எடை ஒரு கத்தரிக்காய் இருக்கும். கையில் பிடிக்க ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஆறு டார்ச்சு பேட்டரி, பெட்டியிலிருந்து ஹெலிகாப்டருக்கு ஒரு மெல்லிய வயர். 'தூரத்திலிருந்தே இயக்கலாம்' என்று அட்டையில் போட்டிருந்தது. தூரம், ஆறு முழம்.

கோட்டை மலை அடிவாரத்தில் நாங்கள் போட்ட பூங்காவைத் திறக்கக் கலெக்டர் வருவதாக இருந்தது. மாலை போடுவது பழைய காலம் என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். வானத்திலிருந்து பூ சொரிய வேண்டும். அதுவும் செஞ்சி வானத்திலிருந்து.

ஓட்டும் பொறுப்பு மரியசெல்வத்துக்கு வந்தது. பஞ்சாயத்து ரேடியோவைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் திருகிவிட்டு எட்டு மணிக்கு மூடும் ஆள் அவர். ஆறு வருஷமாகத் 'தற்காலிகம்'. தொண்டூர்ப் பக்கத்து ஆள். மனைவி அருளம்மாள், இரண்டு பெண் குழந்தைகள். அவரைக் கூப்பிட்டு, நிரந்தர உத்தரவில் அவர் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டு, அதை என் இழுப்பறையில் வைக்கச் சொன்னார் தலைவர்.

"அதுக்கு ஒரு கீறல் விழாம திருப்பிக் குடு. இத வாங்கிக்க. விழுந்திச்சி, கிழிச்சிப் போட்டுடுவேன்."

மரியசெல்வம் ஹெலிகாப்டரை ஏரிக்கரைப் புல்லுக்கு எடுத்துக்கொண்டு போனார். நான்காம் நாள் தலைவர் பார்வையிட வந்தார். காற்றில்லாத விடியற்காலை. ஹெலிகாப்டர் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது, அப்படியே நின்றது, மெதுவாக உட்கார்ந்தது.

"இன்னா இது? இதுக்கு மேல தவள தாவுமே!"

"ஆமாங்க தலைவரே. ஒரு சாண்ல நிறுத்தக் கத்துக்கிட்டா விழுந்தாலும் ஒடையாது. அப்புறம் ரெண்டு சாண், இடுப்பு, தல. அவசரப்பட்டாதான் ஒடையும். கலெக்டர் வர்றதுக்குள்ள தலைக்கு மேல ஏத்திடுவேன். பத்து ரோசா எதழ் தூக்கும்."

"பத்து எதழா? கலெக்டர் இன்னா பத்து எதழ் ஆளா? அரைப்படி சாமந்தி வேணும்யா!"

இப்படிப் பொறுப்பில்லாமல் பேசுகிற ஆளிடம் பஞ்சாயத்துச் சொத்தை விட முடியுமா? அன்றைக்கே சேதத் தடுப்புக் குழு அமைக்கப்பட்டது. மூன்று கூட்டம், ஒன்பது தீர்மானம், எல்லாமே ஏகமனதாக. உறுப்பினர் கமலாம்பாள், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து மூக்கில் கட்டினார். உறுப்பினர் லூர்துநாதன், தன் பங்குக்கு அந்தோணியார் சுரூபம் ஒன்றை வாலில் தொங்கவிட்டார். இரும்புக்கடை அரிகிருஷ்ணன், கீழே விழுந்தாலும் அடிபடக்கூடாது என்று ஒரு மூட்டை தென்னை நார் வாங்கச் செய்து, பாதி மூட்டையை அடிவயிற்றில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். தலைவர் பங்குக்கு, 'அன்பளிப்பு' என்று தொடங்கித் தன் மைத்துனரின் முழுப் பெயரும் ஊரும் எழுதிய தகரப் பலகை. அது பக்கவாட்டில் ஏறியது. ஹெலிகாப்டர் இருக்கும் இடம் தெரியவில்லை. ஆனால் பத்திரமாக இருந்தது.

"இவ்ளோத்தையும் கட்டினா எழும்பாதுங்க தலைவரே" என்றார் மரியசெல்வம்.

"எழும்பாதது விழுமா?"

"விழாது."

"அப்புறம் இன்னா கவல உனக்கு?"

பறக்கும் கலையில் இதைவிட ஆழமான கருத்தை நான் கேட்டதில்லை. பத்தாவது தீர்மானமாகப் பதிவு செய்தேன்.

இருந்தாலும் கலெக்டருக்கு அது மேலே இருப்பதுபோலத் தெரிய வேண்டும். அதற்கும் குழு வழி கண்டது. பூங்காவின் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. உடைக்க ஆள் கிடைக்காததால் அதற்கு 'இயற்கை மேடை' என்று பெயர் வைத்திருந்தோம். மூங்கில் கழியின் நுனியில் ஹெலிகாப்டரைக் கட்டி, கூடவே பூக்கூடையும் கட்டி, பாறைமேல் நின்று மரியசெல்வம் கழியை நீட்ட வேண்டும். கழுத்தில் பெட்டி. விசையைப் போட்டால் விசிறி சுற்றும். கழியை ஆட்டினால் பூ கொட்டும்.

முதல்நாள் தூறல் போட்டிருந்தது. திறப்பு விழாவன்று காலையில் மரியசெல்வம் பாறையை ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பாசி வழுக்குது தலைவரே. ரெண்டு கையும் கழியில இருக்கும், புடிச்சிக்க ஒண்ணும் இல்ல. என் இடுப்புல ஒரு கயிறு கட்டி, பின்னால யாராச்சும் புடிச்சிக்கிட்டா..."

"கயித்தையெல்லாம் அதுக்குக் கட்டியாச்சேய்யா! நீ இன்னா பறக்கப் போறியா?" என்றார் தலைவர். குழு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை.

கலெக்டர் வந்தார், ரிப்பன் வெட்டினார், பாறைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கைக்குட்டையைக் காட்டினேன். விசிறி சுற்றியது. கழி நீண்டது. கழியை ஆட்டும்போது மரியசெல்வத்தின் கால் பாசியில் போய்விட்டது.

பக்கத்திலேயே ஒரு வேப்பங்கிளை இருந்தது. கழியை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்திருக்கலாம். எந்த மடையனும் அதைத்தான் செய்திருப்பான். மரியசெல்வம் விடவில்லை. கழியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடியே, பாறைக்குப் பின்பக்கமாக, நேராகக் கீழே போனார். போகிற போக்கில் அரைப்படி சாமந்தியும் கலெக்டர் தலைமேல் கொட்டியது. கூட்டம் கைதட்டியது. கலெக்டரும் கைதட்டினார்.

பாறைக்குப் பின்னால் குழு முழுவதும் ஓடினோம். மரியசெல்வம் மல்லாந்து கிடந்தார். வலது கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பி இருந்தது. கையிலிருந்த கழி மட்டும் நட்டுக்குத்தலாக நின்றது. மேலே விசிறி அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்து, பாத்து!" என்று தலைவர் பதறினார். "அவசரப்பட்டுத் தூக்காதீங்க. அடியில கை குடுத்துத் தூக்குங்க!"

நான்கு பேர் அடியில் கை கொடுத்து ஹெலிகாப்டரைத் தூக்கினோம். ஜீப்பின் முன்சீட்டில் பட்டுத்துணி விரித்து வைத்து, குலுங்காமல் ஆபீசுக்குக் கொண்டுபோனோம். மரியசெல்வத்துக்கு ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. அன்று மாலையே அரிகிருஷ்ணன் பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். நான் அறிக்கை எழுதினேன். 'சேதம்: இல்லை.'

மரியசெல்வத்தின் கால் நேராகக் கூடவில்லை. கோணலாக ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து அருளம்மாள் ஆபீசுக்கு வந்தார்.

"கீறல் வுழலியே கிளார்க்கு சார். அந்த ஆர்டரக் குடுங்க."

நான் பொறுமையாக விளக்கினேன். கீறல் விழாதது உண்மைதான். அதைப் பஞ்சாயத்து மனதாரப் பாராட்டுகிறது. ஆனால் நிரந்தர உத்தரவு செல்லுபடியாக வேண்டுமானால் உடல் தகுதிச் சான்று வேண்டும். ஊனக் காலுக்கு எந்த டாக்டர் சான்று கொடுப்பார்? இது விதி. விதியை எழுதியது நானல்ல.

அந்த அம்மாள் அலமாரிக் கண்ணாடிக்குள் இருந்த ஹெலிகாப்டரைக் காட்டினார்.

"அது வயித்துல கட்டியிருக்குதே நாரு, அது மிச்சம் இருந்திச்சா சார்?"

"இருந்ததே. அரை மூட்டை."

"அந்த அரை மூட்டைய பாறைக்குப் பின்னால கொட்டி வச்சிருந்தா இன்னா சார்?"

"அது எப்படியம்மா? ஹெலிகாப்டருக்கென்று வாங்கிய நார் அது."

அருளம்மாள் போய்விட்டார். விதியை எடுத்துச் சொன்னால் ஜனங்கள் புரிந்துகொள்கிறார்கள்.

நிதானமாக யோசித்துப் பார்த்தால், அன்று செஞ்சியில் ஹெலிகாப்டர் பறக்கவேயில்லை. பறந்தது மரியசெல்வம் ஒருவர்தான். அவரைச் சேதமில்லாமல் இறக்கக் குழு எதுவும் போடவில்லை. போட வேண்டும் என்று கூட்ட நிகழ்ச்சி நிரலில் எழுதியிருக்க வேண்டியவன் செயலாளர்.

மீதி அரை மூட்டை நார் இன்னும் என் மேஜைக்கு அடியில்தான் கிடக்கிறது. கால் வைத்துக்கொள்ள மெத்தென்று இருக்கிறது.