வாய் திறக்க மாட்டேன், மாப்பிள்ளை

தாராபுரம் மாப்பிள்ளை திருமூர்த்திக்கு, திருப்பூர் ராயபுரத்திலிருந்து மாமன் ஆத்தப்பன் எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டில் ஆடு மாடு முதற்கொண்டு எல்லாரும் சுகமாக இருக்க அவிநாசியப்பன் துணை. இங்கே சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

நீங்கள் போன் செய்தபோது நான் எடுத்து மூச்சு மட்டும் விட்டது கோபத்தினால் இல்லை. நான் பேசக்கூடாது. தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியே பழகிய தொண்டை கம்மிப்போய், கோயமுத்தூர் டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, குரல்நாணில் கட்டி என்று வெட்டி எடுத்துவிட்டார். கத்திக் கத்தி வந்த சாதாக் கட்டியா, புற்றுநோயா என்பது சோதனை முடிவு வந்தால்தான் தெரியுமாம். புண் ஆறும்வரை குசுகுசுவென்றுகூடப் பேசக்கூடாதாம். பயமாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. தை மாதம் மகள் அனுப்பிரியா கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று ஒவ்வொருத்தரையும் "வாங்க"ன்னு என் வாயால கூப்பிடணும். அதனால் தலையே போனாலும் பேசுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் பனியன் கம்பெனியில் விட்டால்தானே? தைத்த பனியனைச் செக்கிங் பார்க்கும் செல்லத்தாய், "முதலாளி பழனிக்கு மௌன விரதம் இருக்காக" என்று கிளப்பிவிட்டாள். மறுநாள் என் மேஜையில் எலுமிச்சம்பழமும் திருநீறும்! பனியன் துணியை விரித்து ஆறப்போட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கிவிடும். கட்டிங் மாஸ்டர் காசிமாயன் ஆறாத துணியைக் காட்டி, "வெட்டிறவா முதலாளி?" என்றான். நிறுத்துடா என்று உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன். அவன் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு, காலில் விழுந்து எழுந்து, அத்தனையையும் வெட்டித் தள்ளிவிட்டான். வளர்ந்த ஆம்பளைக்கென்று வெட்டிய பனியன் இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத்தான் சேரும். வாயில துண்டைத் திணிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒரு சத்தம் விடலையே! உங்க அக்கா மயிலாத்தா, கல்யாணமான நாள்லயிருந்து சொல்லாம விட்டதையெல்லாம் குறுக்குப் பேச்சில்லாமச் சொல்லிக்கிட்டிருக்கா. அதையும் கேட்டுக்கறேன். டாக்டர் சொல்றவரைக்கும் இந்த ஆத்தப்பன் வாய் திறக்க மாட்டான், இது சத்தியம்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், இது நிஜமான ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஆத்தப்பன்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லி இதக் குடுத்துட்டு மாமா குளிக்கப் போனாரு. அப்பத்தான் டாக்டர் போன் பண்ணுனாரு. சாதாக் கட்டிதானாம் கண்ணு, புற்று இல்லையாம்! ஆனா உங்க வீட்டுக்காரருகிட்ட இப்பச் சொல்லாதீங்க, சந்தோசத்துல கத்திப்போடுவாரு, நாளைக்கு நானே நேர்ல சொல்றேன்னாரு. நானும் வாயக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன். குளிச்சுட்டு வந்தவரு, என்ற அழுத மூஞ்சியப் பாத்துட்டு, கெட்ட சேதின்னு நெனச்சு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. எப்படிப் பொறுப்பேன்? சொல்லிப்போட்டேன். "முருகா!"ன்னு அவரு போட்ட சத்தத்துல பக்கத்தூட்டுக்காரங்கெல்லாம் ஓடி வந்துட்டாங்க. சேதி கேட்டு டாக்டரு மறுபடியும் முதல்லயிருந்து வாயக் கட்டச் சொல்லிட்டாரு. இருந்தாலும் தம்பி, குரலு கணீர்னு வந்துருச்சு.