உக்னேயை அனுப்ப மாட்டேன், மச்சான்

மதிப்பிற்குரிய மச்சான் கியோஹாரு அவர்களுக்கு,

ஆற்றின் இக்கரையிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஷிண்டோ மசாயுகி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. மழை விட்டபாடில்லை. மாடிப் பாயெல்லாம் பூஞ்சை. உங்கள் இடுப்பு வலியும் அக்காவின் ரத்த அழுத்தமும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை ஃபுசாயே சௌக்கியம். விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயம். லிதுவேனியாவிலிருந்து நம் ஊர்ப் பள்ளிக்குப் படிக்க வந்திருக்கும் உக்னே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரமாட்டாள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளை வீடுகளில் தங்கவைக்கும் நம் சங்கத்தின் விதி எனக்கும் தெரியும். இப்படி வரும் பிள்ளை ஒரே வீட்டில் ஒட்டிக்கொள்ளக் கூடாது, பருவத்துக்கு ஒரு வீடு, வசந்தம் எங்களுக்கு, கோடை உங்களுக்கு. தலையாட்டியவன் நான்தான். ஏப்ரலில் உங்களுக்குப் போன் போட்டு, "மச்சான், கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டுப் போயிடுங்களேன், புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சியவனும் நானேதான். அன்றைக்கு விருந்தாளியாயிற்றே என்று அவளை முதலில் குளிக்கச் சொன்னோம். அடுத்து நான், அப்புறம் ஃபுசாயே, நம் வழக்கப்படி எல்லோருக்கும் அந்த ஒரே தொட்டி வெந்நீர்தானே. துண்டும் கையுமாகப் போய்ப் பார்த்தால் தொட்டி காலி. திறந்துவிட்டதோடு நில்லாமல் பளபளவென்று தேய்த்து வேறு வைத்திருந்தாள். "நான் குளிச்ச தண்ணியிலயா உங்களைக் குளிக்க விடுவேன்? என்னை அப்படியா வளர்த்திருக்காங்க?" என்று என்னையே கோபித்துக்கொண்டாள். நான் குளிரில் நடுங்கிக்கொண்டே உங்கள் நம்பரைச் சுழற்றினேன்.

அதன் பிறகு சாப்பாட்டு டப்பா. ஃபுசாயே விடியுமுன் மீன் சந்தைக்கு வேலைக்குப் போய்விடுகிறாள், ஆகவே பள்ளிக்கு மதியச் சாப்பாடு கட்டுவது என் தலையில் விழுந்தது. டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்டே காலம் தள்ளுகிறவனுக்கு முட்டை ஆம்லெட்டை அழகாகச் சுருட்டத் தெரியுமா? கரிந்தது, கிழிந்தது, அப்படியே அமுக்கி மூடினேன். சாயங்காலம் காலி டப்பாவை நீட்டி, "அப்பா, எங்க கிளாஸ்ல எல்லார் டப்பாவும் அழகா இருக்கு. உங்களது மட்டுந்தான் சண்டை போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. நாளைக்கும் அதே வேணும்" என்றாள். அன்றைக்கு உங்களுக்குப் போன் போடத் தோன்றவில்லை.

இப்போது வில்வித்தைக் கிளப் விவகாரம். அந்தக் கிளப்புக்கு ஒரு காலத்தில் நீங்கள் கேப்டன் என்பதை ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும் கேட்டிருக்கிறேன், மறுபடி சொல்ல வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் கோடை வரைக்கும் வில்லைத் தொடக் கூடாது. அம்பு பொறுக்க வேண்டும், கூடத்தைப் பெருக்க வேண்டும், மூத்த மாணவர்களின் அம்பு இலக்கில் பட்டால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். உக்னே வசந்தம் முழுக்க முகம் சுளிக்காமல் செய்தாள். பெருக்கினால் மனம் ஒருமைப்படும், அதுதான் வித்தைக்கு அடிப்படை என்று இப்போது கேப்டனாக இருக்கும் மாணவி விளக்கியபோதுதான், "அவ்வளவு நல்லதுன்னா மூத்தவங்களுக்கு மட்டும் அது ஏன் கிடைக்க மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டு, மரியாதையாக இரண்டு கையாலும் துடைப்பத்தை அவளிடம் நீட்டியிருக்கிறாள். மறுநாளே பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு.

நான் முறையாகத்தான் போனேன். கோட்டு மாட்டிக்கொண்டு, கடையில் நல்லதாக ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு. கிளப் பொறுப்பாளர் இகராஷி சார், "மூத்தவங்க சொன்னாக் கேட்டுக்கணும், ஷிண்டோ-சான். அவங்க முடிவு பண்ணினா பண்ணினதுதான்" என்றார். ஆழமாகக் குனிந்தேன். மன்னிக்கணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சார், அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?" என்று வந்துவிட்டது. "குனிஞ்சிட்டுப் பேசினா காதுல விழல" என்றார். "நிமிர்ந்தே கேக்கறேன் சார், என்ன தப்பு?" ஆசிரியர் அறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கூட நிறுத்திவிட்டார். இனிப்பைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காரிலேயே உக்னேயும் நானுமாகத் தின்று தீர்த்தோம்.

அன்றிரவே உங்கள் போன். "ஞாயித்துக்கிழமை என்கிட்ட அனுப்பு, மசாயுகி. கோடை முடியறதுக்குள்ள இந்தக் கேள்வி கேக்கற பழக்கத்தையே மறக்கடிச்சிடறேன்." மச்சான், அதற்காகத்தான் அனுப்ப மாட்டேன். எங்கள் பையன் நகோயாவுக்குப் போன பிறகு இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. இப்போது இவள் கேட்பதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே சூப் ஆறிப்போகிறது. நேற்று ஃபுசாயே சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள். எனக்கு அது பிடித்திருக்கிறது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். சங்கம் என்னை விலக்கினால் விலக்கட்டும். புத்தாண்டுக்கு என்னை வாசலோடு திருப்பி அனுப்புவதானால் அனுப்புங்கள். பெண் இங்கேதான் இருப்பாள், இதுதான் முடிவு.

உங்களை வாழ்த்த எனக்கு வயதில்லை. வணங்குகிறேன், ஆனால் இறங்கி வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஷிண்டோ மசாயுகி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் பெருமையாக உக்னேவுக்குப் படித்துக் காட்டினேன். கைதட்டுவாள் என்று பார்த்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் குச்சிகளைக் கீழே வைத்தாள். "இதுல நான் எங்க இருக்கணும்னு என்கிட்ட யாராவது கேட்டீங்களா? மூத்தவங்க முடிவு பண்ணினா பண்ணினதுதான்னு இகராஷி சார் சொன்னாரே, நீங்களும் அதையேதானே சொல்றீங்க?" என்றாள். ஃபுசாயே தன் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிம்மா, நீயே சொல்லு" என்றேன். "போறேன். அவர் எப்படி மறக்கடிக்கிறார்னு நானும் பாக்கணும்ல?" என்றாள்.

ஆகவே ஞாயிறு காலை அவளே சைக்கிளில் பாலம் தாண்டி வருகிறாள், கொண்டுவிட வேண்டாம் என்றுவிட்டாள். அவள் துணிப்பெட்டியை நான் பிறகு கொண்டுவருகிறேன். தினமும் ஷூ மாட்டிக்கொண்டே "போயிட்டு வரேன்" என்று கத்துவாள், நானும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "போயிட்டு வா" என்பேன். ஞாயிற்றுக்கிழமை வாசல் வரைக்கும் வந்து சொல்வேன்.