டெம்பே காத்த போர்டு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனிதனாக வாழ்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்தோனேசியாவில், மாலாங் ஊரில் எங்கள் சந்து முழுக்க டெம்பே போடுகிறவர்கள்தான். வேகவைத்த சோயாவில் உறை தூவி, வாழையிலையில் பொட்டலம் கட்டி அடுக்கிவைத்தால், அது வெள்ளை வெளேரென்று பூத்துக் கட்டியாகும். என் மனைவி சுமியாத்தி சனிக்கிழமை பொட்டலம் கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை காவல் எனக்கு. சூடு குறைந்தால் பல்பு போட வேண்டும், ஏறினால் ஃபேன் போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் டெம்பே கறுத்துவிடும். நான் அசராமலேயே வாராவாரம் பாதி கறுத்தது. அதற்கு நான் கேட்காத வசவு இல்லை.

இத்தனைக்கும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் மீன்குளத்தில் தூண்டில் போட்டி நடக்கும். ஊரே கெண்டை பிடிக்கும், நான் வீட்டில் பல்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிற கை இது. ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு வாங்கிவந்தேன். எங்கள் ஊரில் புருஷனை 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள், திட்டும்போதுகூட.

"என்ன மாஸ் இது? பிஸ்கட் சைஸ்ல?"

"இதுதான் இனிமே உன் டெம்பேக்குக் காவல்காரன்."

"சம்பளம்?"

"கிடையாது. சோறும் கேக்காது."

"உங்களைவிடத் தேவலையே!"

இந்தப் போர்டில் ஒயர் கோக்க இரண்டு விதமான கால்கள் உண்டு. ஒரு வகைக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே பதில். என் மனைவி இந்த வகை, அதிலும் இல்லைதான் அதிகம். இன்னொரு வகைக்குக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றெல்லாம் புரியும். சூடு பார்க்கும் சென்சாரை அந்தக் காலில்தான் கோக்க வேண்டும். மூன்று கால் பூச்சி மாதிரி இருக்கும் சென்சார். முதல் தடவை திருப்பிப் போட்டுவிட்டேன். சூட்டை அளக்க வேண்டிய பூச்சி தானே சூடாகி என் விரலைச் சுட்டது.

"சூடு நல்லாத் தெரியுதே!" என்றாள் சுமியாத்தி, என் விரலில் பற்பசை தடவிக்கொண்டே.

புதுப் பூச்சி வாங்கி, நேராகக் கோத்தேன். போர்டு சொன்னால் தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச்தான் ரிலே; பல்புக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் சந்து ஜனங்களையெல்லாம் கூட்டி வெள்ளோட்டம் விட்டேன். சென்சாரை உள்ளங்கையில் பொத்தினேன். 'டிக்' என்றது. ஃபேன் சுற்றியது! ஐஸ் வைத்தேன். மறுபடி 'டிக்'. பல்பு எரிந்தது! பக்கத்து வீட்டு அம்மாள் இபு ருமினி கையே தட்டிவிட்டாள்.

சுமியாத்தி மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். டெம்பே கறுக்காம வந்தா, இனிமே ஞாயித்துக்கிழமை பூரா உங்களோடது. கறுத்துச்சு, தூண்டிலை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்."

என் பரம்பரைத் தூண்டில்! ஆனாலும் ஒத்துக்கொண்டேன். விஞ்ஞானத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு, ராஜா மாதிரி கிளம்பினேன். குளத்தில் உட்கார்ந்தாலும் மனம் டெம்பேயிலேயே கிடந்தது. இப்போது பல்பு எரியுமா? இப்போது ஃபேன் சுற்றுமா? அந்தக் கவலையில் தூண்டிலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது, கைமுழம் நீளத்துக்கு ஒரு கெண்டை மாட்டியது. முதல் பரிசு எனக்கே!

மீனோடு வீடு திரும்பி, ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். பஞ்சுபோல் வெள்ளை. அடுத்தது, வெள்ளை. எல்லாமே வெள்ளை! கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் இப்படியொரு டெம்பே பூத்ததில்லை.

"எப்படி?" என்றேன், மீசையைத் தடவிக்கொண்டு.

"நீங்க பெரிய ஆளுதான் மாஸ். சொன்ன சொல் சொன்னதுதான், இனிமே ஞாயித்துக்கிழமை உங்களோடது" என்றாள் சுமியாத்தி. காபியில் சர்க்கரைகூடக் கேட்காமலேயே கூடுதலாகப் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீக்கடையில், குளக்கரையில், தொழுகை முடிந்து வாசலில் செருப்பு தேடும்போதுகூட என் போர்டைப் பற்றியே பேசினேன். சந்து ஆண்களெல்லாம் என்னை ஏக்கமாகப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்து இபு ருமினி வந்து, ஐயா என்பதுபோல் 'பாக்' போட்டு என்னை மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"பாக் பிரயித்னோ, எங்க வீட்டுக்கும் அந்த மெஷின் ஒண்ணு செஞ்சு குடுங்க."

"செஞ்சுட்டாப் போச்சு! சென்சார் வாங்கணும், ரிலே வாங்கணும், ஒயர் இழுத்து..."

"ஒயரெல்லாம் எதுக்கு? சுமி வீட்ல ஒயர் இல்லாமத்தானே ஓடுச்சு?"

டெம்பே அறைக்கு ஓடினேன். என் போர்டு அரிசி டின் மேல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. பிளக் பிடுங்கிக் கிடந்தது. சென்சாரிலிருந்து போர்டுக்குச் சூட்டைச் சொல்லும் நடுக்கால் ஒயரைக் காணவே காணோம்.

"சுமி!"

"கத்தாதீங்க. நீங்க கிளம்பும்போதே உங்க தூண்டில் முள்ளு அந்த ஒயரை மாட்டி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. உடனே பல்பும் ஃபேனும் பேய் பிடிச்ச மாதிரி மாறி மாறி ஆட ஆரம்பிச்சுது. பிளக்கைப் புடுங்கிட்டேன்."

"அப்ப டெம்பே? யார் காவல் காத்தது?"

"யாரும் காக்கல. நானும் கோழியைக் குழம்பு வெச்சுட்டு நல்லாத் தூங்கினேன்."

"அப்புறம் எப்படி வெள்ளையா..."

"வாராவாரம் நீங்கதானே நிமிஷத்துக்கு ஒருதரம் துணியைத் தூக்கிப் பாக்கறது, பொட்டலத்தை அமுக்கறது, ஜன்னலைத் தெறக்கறது? அது பூக்கறதா, உங்களுக்குப் பதில் சொல்றதா? நீங்க வீட்ல இல்லன்னா அது பாட்டுக்கு வந்துரும்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

இபு ருமினி கரிசனத்தோடு என் பக்கம் குனிந்து சொன்னாள்:

"நீங்க சிரமப்படாதீங்க பாக். எனக்கு வெறும் டப்பா போதும். எங்க வீட்டுக்காரர் அதை நம்பிக் கிளம்பணும், அவ்வளவுதான்."