மூன்று முறை தொடங்கிய நவநாள்

அன்புள்ள சூசையம்மா அக்காவுக்கு,

தம்பி யேசுரத்தினம் நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். பண்டாரவளையில் உங்களையும் அத்தானையும் ஆண்டவர் சளி காய்ச்சல் இல்லாமல் காப்பாராக. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி பலீலின் மரக்கறி லொறியில் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் என் மகள் நிஷாலினி. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் தவறியவள் மறுபடி எழுத மாட்டாளாம், கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போகிறாளாம். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் படிப்பு அவ்வளவுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. விடாமுயற்சியை அப்பனே செய்து காட்டுவோம் என்று அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கினேன், மூன்றாம் நாள் கிரிக்கெட் மேட்ச் கடைசி ஓவர் வரை இழுத்ததில் செபம் விட்டுப்போனது, ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்று மறுபடி தொடங்கினேன், அதைப் பக்கத்து லயத்து றொனி வீட்டு ஞானஸ்நான விருந்து கெடுத்தது, அடுத்த முறை முழங்காலே மடங்கவில்லை. "நீங்க தொடங்கித் தொடங்கி அந்தோனியாரே களைச்சுப் போயிட்டாருப்பா" என்கிறாள் மகள்!

என் மனைவி சஜீவனியோ வாயே திறப்பதில்லை. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் போட்டு பாதி நாள் கூலி தந்தாலும் மறுநாள் விடிந்ததும் கூடையோடு மலைக்குப் போகத் தெரிகிறது, பெற்ற பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லத் தெரியவில்லை. நான் கைவிட்டுவிட்டேன். சாயந்தரமானால் கடைப் பக்கம் போய்விடுகிறேன். இன்று மழை, அதனால் லயத்து வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் வியாழனுக்குள் வந்து அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும்.

தங்கள் தம்பி,
யேசுரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடி உள்ளே போனேன். அந்தோனியார் படத்துக்கு முன் மெழுகுதிரி எரிகிறது, தாயும் மகளும் முழங்காலில்.

"இன்னைக்கு ஒம்பதாவது நாளுப்பா. நீங்க விட்டுட்டீங்க, அம்மா விடல. அது கால் வலியோட தனியா முழங்கால் போட்டா, நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்று சொல்லி பரீட்சை விண்ணப்பத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள் மகள். பேனாவை எடுத்தேன் அக்கா. என்ன வேண்டுதலுக்காகச் செபித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க ஏதாச்சும் ஒண்ண முடிக்கணும்னுதான்."

நீங்கள் கட்டாயம் வாருங்கள். புத்தி சொல்ல வேண்டிய ஆள் மட்டும் மாறிவிட்டது.