தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில்

திருமழிசை தொழிற்பேட்டை முழுவதிலும், தான் செய்யும் வேலையைச் சொந்தபந்தங்களிடம் உள்ளபடி சொன்ன ஒரே மனிதர் எங்கள் ‘முப்பத்தேழு’தான்.

எங்கள் கம்பெனியில் பெஸ்ஸரி செய்தோம். கோகோ வெண்ணெயை உருக்கி, மருந்தைக் கலந்து, அச்சில் ஊற்றி, விரல்நுனி அளவில் எடுப்போம். பெண்கள் யோனிக்குள் வைத்துக்கொண்டால் உடம்பின் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் உருகி வேலை செய்யும். மேனேஜரே தன் மாமனாரிடம் இருமல் மருந்து என்றுதான் சொல்லியிருந்தார்.

அச்சுப் பிரிவில் இருந்த நம்மாளுக்கோ உலகமே முப்பத்தேழு டிகிரிக்கு மேல், கீழ் என்று இரண்டுதான்; பட்டப்பெயரும் அதனால்தான். வெயிலில் நின்ற பஸ்ஸில் ஏறினால் சீட்டைத் தொட்டுப் பார்த்து, “நாப்பத்திரெண்டு கீது, நின்னுகினே போலாம்” என்பார்.

நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் பெஸ்ஸரியை விளக்கிவிட்டு வந்தால் எப்படி ஆகும்? வேப்பம்பட்டில் ஒரு வரன் வந்தபோது, ஸ்டோரில் இருந்த நான் துணைக்குப் போனேன். வைகாசி வெள்ளிக்கிழமை, அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. மருந்து கம்பெனி என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ரயிலில் வழிநெடுகப் பாடம் நடத்தினேன். அவரும் தலையாட்டினார். “இத உட்டா எனக்கு வேற இல்ல அண்ணாத்தே.”

பெண்ணின் அப்பா, என்ன மருந்து என்று கேட்டார். இவர் சொன்னார். வடிவத்தைக் கையால் காட்டியும் சொன்னார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

பெண்ணின் அம்மா எழுந்தார். கூடத்தில் விளக்கெரிந்த சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார்.

“இது அதானா பாருங்க. பிரிச்சா கையிலயே ஒழுவுது. தொந்தரவும் போவல.”

வந்த காரியம் இவருக்கு மறந்தே போனது. “வெளக்கு எரியற எடத்துலயா வெக்கறது? பிரிட்ஜ்ல வெக்கச் சொல்லலியா?”

“சொன்னாங்க. ஊட்ல எல்லாரும் பாப்பாங்களே.”

“பாக்கட்டும்மா. மருந்துதானே? இத தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கி, தயிருக்குப் பக்கத்துல வெய்ங்க.”

சமையலறை வாசலில் நின்ற பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “இவரே இருக்கட்டும்பா” என்றாள். ஆடி பிறக்கும் முன்பே கல்யாணம் நடந்தது.

சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பிரிட்ஜைத் திறந்தேன். தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், மருந்தின் பெயர் வெளியே தெரியும்படி என் மனைவியின் பெஸ்ஸரிப் பெட்டி இருந்தது. கதவைச் சாத்திவிட்டு முப்பத்தேழுக்குப் போன் போட்டேன். சும்மாதான்.