சங்கு சார் அலாரம் வாங்குகிறார்

எச்சரிக்கைப் பிரியர் என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை உரக்கப் படித்துக் காட்டுபவர், 'தரை வழுக்கும்' என்ற பலகையை அதிலேயே நாம் தடுக்கி விழும்படி வைப்பவர், கொதிக்கும் டீயை நாம் வாயில் வைத்த பிறகு "சூடு, சூடு!" என்று அலறி அதை நம் சட்டையிலேயே கொட்ட வைப்பவர். அந்த இனத்தில் ஒருவர், பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றின் மேனேஜர். ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் சங்கு சார்.

கெட்டவரா? சேச்சே. தங்கமான மனிதர். ஒருநாள் பின்பக்கமாக வந்த ஃபோர்க்லிஃப்ட், அதாவது சரக்குத் தூக்கும் வண்டி, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரின் ஷூவை நசுக்கிவிட்டது. கால் எப்படியோ தப்பியது. அப்பளமாகிப்போன ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மதியம் சார் சாப்பிடவே இல்லை. "இனிமே இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா?

மறுநாளே அலாரம் விற்பவர் பையோடு வந்து உட்கார்ந்தார்.

"இது ரிவர்ஸ் அலாரம் சார். வண்டி பின்னால போனா பீப் பீப்னு கத்தும்."

"முன்னால போனா?"

"முன்னால போறப்ப டிரைவருக்குத்தான் கண்ணு தெரியுமே சார்."

"தெரியட்டும். அதுபாட்டுக்குக் கத்தட்டும். சரி, நின்னா?"

விற்பவர் பைக்குள் கையை ஆழமாக விட்டார்.

விளக்குகள் வந்தன. வண்டிக்கு முன்பே தரையில் ஓடி, மூலையில் திரும்புகிறவர்களுக்குச் சேதி சொல்லும் நீல வெளிச்சம். இந்தக் கோட்டுக்குள் வராதே என்று இரு பக்கமும் கோடு கிழிக்கும் சிவப்பு. தலைமேல் சுழலும் மஞ்சள். எல்லாமே நல்ல சாமான்கள்தாம். இடம் பார்த்து ஒன்றிரண்டு தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி. தேர்ந்தெடுப்பதா? பொம்மைக் கடைக்குள் விட்ட குழந்தையிடம் போய்ச் சொல்லுங்கள்! எல்லா வண்டிக்கும் எல்லாமும் வாங்கினார். போதாக்குறைக்குப் பேசும் அலாரம் வேறு. அதற்குத் தம் குரலையே கொடுத்தார். குளியலறையில் அவர் "வண்டி வருகிறது!" என்று ஒத்திகை பார்த்தபோது, "யாருங்க உள்ள? எந்த வண்டி வருது?" என்று மனைவி கதவைத் தட்டினாராம்.

அப்புறம் கிடங்கைப் பார்க்க வேண்டுமே! தரையெல்லாம் நீலமும் சிவப்பும் ஓட, கூரையெல்லாம் மஞ்சள் சுழல, ஓடுகிற வண்டியும் கத்த, நிற்கிற வண்டியும் கத்த, எட்டுத் திசையிலிருந்தும் சங்கு சார் "கவனம்! வண்டி வருகிறது!" என்று முழங்க, வேலைக்கு வந்தவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சைகையில் குடும்பக் கதை பேசினார்கள்.

பேக்கிங் பிரிவு அக்கா மட்டும் அவர் காதருகே வந்து கத்தினார். "சார், எல்லா வண்டியும் எப்பவும் கத்துது. எது நம்ம மேல வருதுன்னு எப்படித் தெரியும்?"

"அதான் கத்துதேம்மா!"

ஒருநாள் முற்பகல், சார் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நின்று, ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக, இன்னும் பெரிய சைரன் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி பின்பக்கமாக வந்தது. பீப் என்றது. மின்னியது. "கவனம்! வண்டி வருகிறது!" என்று அவர் குரலிலேயே கெஞ்சியது.

"நான் பேசுறப்ப யாருய்யா குறுக்க பேசுறது?" என்று எரிந்து விழுந்தாரே தவிர, திரும்பவில்லை.

அக்கா கத்திப் பார்த்தார். யார் காதில் விழும்? கையில் கிடைத்த காலி அட்டைப்பெட்டியை வீசினார். அது சாரின் மண்டையில் பட்டுத் தெறித்து, வண்டியின் பின்பக்கக் கண்ணாடி முன்னால் டிரைவர் கண்ணில் படும்படி போய் விழுந்தது. பிரேக் கிறீச்சிட்டது. கோபமாகத் திரும்பிய சாரின் தொந்தியைத் தொட்டும் தொடாமலும் வண்டியின் இரும்பு முதுகு நின்றுகொண்டிருந்தது.

டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "சார்... நான் பாக்கல சார்."

"நான் கேக்கல" என்றார் சங்கு சார். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அன்று மாலையே கழற்றும் வேலை நடந்தது. பின்னால் போகும்போது மட்டும் ஓர் ஒலி, தரையில் ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான் மிச்சம். கிடங்கில் யாரோ தும்மியது எல்லோருக்கும் கேட்டது; எல்லோரும் சிரித்தார்கள். சார் அக்காவிடம் போய், "உயிரக் காப்பாத்திட்டீங்கம்மா" என்று கண் கலங்கினார்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுநாள் காலை விற்பவருக்குப் போன் போட்டார். "ஏம்ப்பா, தானா அட்டைப்பெட்டி எறியற மெஷின் ஏதாவது இருக்கா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று காலை உங்கள் மகள் பையை மாட்டும்போது "பாத்துப் போம்மா" என்றது யார்? அவள் படியிறங்கும்போது மறுபடியும், தெருமுனை திரும்பும்போது ஜன்னலிலிருந்து இன்னொரு முறையும்? திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை ஆட்டினாளே, அதைச் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொண்டீர்கள்? எந்த வயதிலிருந்து அவள் அதைக் காதில் வாங்குவதை நிறுத்தினாள் என்று ஒருநாள் விசாரியுங்கள்.

மெதுவாக.